தலை பிடிப்பவள்

நவம்பர் 2, ஞாயிறு

இன்றைக்கு ஒரு தலை பிடித்தேன். தூத்துக்குடியிலிருந்து சுற்றுலா வந்த அம்மாள். மூடுபனியில் வேன் பாறையில் உரசி நின்றதில், முன்சீட்டில் இருந்த அவருக்குக் கழுத்தில் வலி. ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை ஈரத் தார்ச்சாலையில் முட்டி போட்டு, அவர் தலை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். நன்றி எல்லாம் கிடையாது. "ஏம்மா, பூவ நசுக்காதிய. மல்லியப்பூ இன்னைக்கு என்ன வெல தெரியுமா?" என்று ஏசிக்கொண்டே இருந்தார். ஏசுகிற நோயாளி பிழைத்துக்கொள்வார் என்று மெர்லின் சொல்வாள்.

விபத்துக்குப் போய்வந்தால் மனசில் இருப்பதை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டுமாம். அதற்காக ரவூஃப் எங்கள் எல்லோருக்கும் ஒரு டைரி வாங்கித் தந்திருக்கிறார். அவர் எலும்பு டாக்டர், குழுவுக்குத் தலைவர். மெர்லின் மயக்க மருந்து டாக்டர். சின்னப் பெண், கை அவ்வளவு வேகம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் மலைப்பாதையில் எங்கே வண்டி கவிழ்ந்தாலும், பக்கத்து டீக்கடைக்காரர் எங்களுக்கு போன் அடிப்பார். யார் அருகில் இருக்கிறோமோ அவர் ஓட வேண்டும். ஆம்புலன்ஸ் மலையேறி வருவதற்குள் போகிற உயிரைக் கொஞ்சம் பிடித்துவைப்பதுதான் எங்கள் வேலை. யாரும் எங்களைச் செய்யச் சொல்லவில்லை, நாங்களாகச் செய்கிறோம்.

நான் பாத்தாலஜி. படித்து முடித்த நாளிலிருந்து என் நோயாளிகள் கண்ணாடித் தகட்டிலும் சின்ன பாட்டிலிலும்தான் வருகிறார்கள். அவர்களில் ஒருவர்கூட என்னிடம் மல்லிப்பூ விலை கேட்டதில்லை. குழுவில் சேரப் போனபோது, "ஊசி போட்டே வருஷக்கணக்காச்சு, என்னை வெச்சு என்ன பண்ணுவீங்க?" என்று ரவூஃபிடம் கேட்டேன். "தலையப் பிடிங்க மேடம், அதுக்குத்தான் ஆளே கிடைக்கறதில்ல" என்றார். மற்றவர்கள் ரத்தத்தை நிறுத்துவார்கள், குழாய் போடுவார்கள். தலை பிடிப்பவள் அசையாமல் இருந்தால் போதும். மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தே காலம் போக்கியவளுக்கு அது வராதா?

நான் பார்க்கும் முகங்கள் எல்லாம் தலைகீழ். உச்சந்தலைப் பக்கம் முட்டி போட்டுக் குனிவதால் கண்ணுக்கு மேலே வாய் இருக்கும். பனிக்குள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தால், அது முகம் என்பதே மறந்துவிடும். புருவம் ஒரு கரை, மூக்கு ஒரு குன்று என்று ஏதோ ஊர் தெரியும். பிறகு அந்த ஊர் வாயைத் திறந்து, "தண்ணி" என்று கேட்கும்.

ரவூஃப் கறாராகச் சொல்லும் விதிகளை இங்கே எழுதிவைக்கிறேன். அடிபட்டவரிடம் முன்னாலிருந்துதான் போக வேண்டும். பின்னாலிருந்து குரல் கொடுத்தால் அவர் யாரென்று திரும்பிப் பார்ப்பார். கழுத்தெலும்பு உடைந்திருந்தால் அந்த ஒரு திருப்பமே போதும், கைகால் வராமல் போய்விட. இன்னொன்று, ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்ட பிறகு அவர் என்ன ஆனார் என்று விசாரிக்கக் கூடாது. "விசாரிச்சா அடுத்த தலையப் பிடிக்கும்போது கை நடுங்கும்."

எனக்கு இரண்டுமே சுலபமாகத்தான் இருக்கின்றன.

நவம்பர் 4, செவ்வாய்

துணி காயவில்லை. ஞாயிற்றுக்கிழமை துவைத்ததை இன்னும் பிழியலாம் போலிருக்கிறது. வீட்டுக்காரருடைய பனியனை அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டேன். "ரசம் வாசனையோட பனியன் போடறது நல்லாத்தான் இருக்கு" என்றார். பேங்கிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இவருக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கிறது.

நவம்பர் 7, வெள்ளி

மத்தியானச் சாப்பாட்டுக்கு லேபிலிருந்து வீட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். வளைவு டீக்கடை ஜோகி அண்ணன் போன் அடித்தார். "டாக்டரம்மா, மொபெட்ல வந்தவர் சுவத்துல மோதிட்டார். எந்திரிச்சு நடந்துபோயி அதே சுவத்து மேல உட்கார்ந்திருக்கார். கிட்டப் போனா, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லங்கறார்."

பக்கத்தில் இருந்தது நான்தான். அவ்வளவு அடர்த்தியான பனியை இந்த வருடம் பார்க்கவில்லை. காரை ஓரம்கட்டி இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது நிறங்கள். சாலைக்கு மேலே தேயிலைச் செடிகள்மேல் சிவப்பு, மஞ்சள், மயில்கழுத்து நீலம் என்று போர்வைகள் விரிந்து கிடந்தன. யாரோ வேலை மெனக்கெட்டுக் காயப்போட்டது போல ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிடந்தது. மோதிய வேகத்தில் மூட்டை அவிழ்ந்து பறந்திருக்கிறது. சத்தமே இல்லை. நான் எதற்கு வந்தேன் என்பதே ஒரு கணம் மறந்துவிட்டது.

அவர் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு கட்டைச்சுவரில் உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி அமைதியாக இருந்தார்.

தலையைப் பிடித்தேன். ஜோகி அண்ணனும் நானுமாக மெதுவாகச் சாலைப் பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தோம்.

பெயர் சென்னியப்பன். சென்னிமலையிலிருந்து போர்வை எடுத்துவந்து எஸ்டேட் தொழிலாளர் லைன்வீடுகளில் விற்கிறவர். நாற்பது வயதுக்குள் இருக்கும். நல்ல பேச்சுக்காரர். "ஏனுங் டாக்டரம்மா, என்ற கை எங்கீங் இருக்குது?" என்று கேட்டார். இங்கேதான் இருக்கிறது என்றேன். "இருக்குமுங். எனக்குத்தான் தெரியல" என்றார். பிறகு போர்வையைப் பற்றிப் பேசினார். இரட்டை நூல் போர்வை மலைக்குளிருக்கு எப்படித் தாங்கும் என்று, அந்த நிலையிலும் எனக்கு விற்கப் பார்த்தார். தலைகீழாக அவர் பல்வரிசை பளிச்சென்று இருந்தது.

மெர்லின் வந்து கழுத்துக்குக் காலர் போட்டாள். பலகையில் ஏற்றினோம். ஆம்புலன்ஸ் பனிக்குள் போய்விட்டது. "அக்கா, விட்டுடலாம், கையக் கீழ போடுங்க" என்று மெர்லின் சொன்ன பிறகுதான், காலித் தரைமேல் நான் இன்னும் கையைக் குவித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

நவம்பர் 8, சனி

இவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் போர்வைகளைப் பொறுக்கினேன். சேறு, இலை, அட்டைப்பூச்சி. ஒன்று மட்டும் பள்ளத்துச் சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் மாட்டிக்கொண்டிருந்தது. பனி விலகும்போது தெரியும், மூடும்போது மறையும். அதை எடுக்க வழியில்லை. இவர், "அது அங்கயே இருக்கட்டும், மரத்துக்கும் குளிருமில்ல" என்றார்.

உடைமையைப் பத்திரப்படுத்துவது விசாரிப்பதில் சேராது.

நவம்பர் 10, திங்கள்

துவைத்துக் காயப்போட்டாயிற்று. காயத்தான் மாட்டேன் என்கிறது. கூடத்திலிருந்து சமையலறை வரை கொடி கட்டி வீடே போர்வைமயம். காப்பி எடுத்துக்கொண்டு போனால் நீலத்துக்குள் நுழைந்து மஞ்சளில் வெளியே வருகிறேன். டிவி எங்கே என்று தெரியாமல் இவர் சத்தத்தை மட்டும் கேட்கிறார். சாயந்திர வெளிச்சம் துணிகளுக்குள் வரும்போது வீடு தண்ணீருக்குள் முங்கிய மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு பக்கம் நின்றால் இன்னொரு பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது.

லேபில் நிறைய வேலை. டைபாய்டு சீசன்.

நவம்பர் 12, புதன்

இவர் கேட்கிறார்: "திலகா, எதுக்குச் சுத்தி வர்ற?"

என்ன சுத்தி என்றேன்.

"கொல்லையில அவரைக்குப் பந்தல் கட்டிட்டு இருக்கேன். நீ பின்னால வந்து நிக்கற. ஒண்ணும் சொல்லல. வேலியச் சுத்திக்கிட்டு முன்னாடி வந்து நின்னு, சாப்பிட வாங்கங்கற. நேத்தும் அப்படித்தான். எனக்கென்ன காதா கேக்கல?"

வேலியோரம் கறிவேப்பிலை பறிக்கப் போனேன் என்றேன். கையில் கறிவேப்பிலை இல்லை. அதையும் அவர் பார்த்தார்.

போர்வைகளை மறுபடி ஒருமுறை அலசினேன். சேறு போன மாதிரி தெரியவில்லை. போய்விட்டது என்கிறார் இவர்.

நவம்பர் 13, வியாழன்

மதியம் போன் வந்தது. இரண்டு பைக் மோதல். லேபில் வேலை அதிகம், வர முடியாது என்றேன். மெர்லின் போனாளாம்.

எழுதுவது எழுதுகிறேன், ஒழுங்காக எழுதுவோம். அப்போது லேபில் வேலை ஒன்றும் இல்லை. மைக்ராஸ்கோப்பில் தகடுகூட வைக்காமல் வெறும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 15, சனி

கனவு. மலைப்பாதை முழுக்க ஆட்கள் கட்டைச்சுவரில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரும் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு, எல்லோர் மேலும் ஒரு போர்வை. தூத்துக்குடி அம்மாள் இருக்கிறார், பூ வைத்திருக்கிறார். இவரும் இருக்கிறார், பனியனோடு. நான் யார் முதுகையும் தொடாமல், மூச்சைக்கூடச் சத்தமாக விடாமல் ஒவ்வொருவரையும் தாண்டிப் போகிறேன். எங்கே போக வேண்டும் என்று தெரியவில்லை. ஆனால் பயமே இல்லை, பாதை அவ்வளவு அழகாக இருந்தது. விழித்த பிறகுதான் பயம் வந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

ரவூஃப் வீட்டுக் கார்ஷெட்டில் மாதப் பயிற்சி. ரவூஃப் மனைவி சமோசா கொடுத்தார். மெர்லின் ஸ்டூலில் அடிபட்டவளாக உட்கார்ந்தாள். நான் போய்த் தலையைப் பிடிக்க வேண்டும். எத்தனையோ தடவை செய்தது. நான் சுவரை ஒட்டி, சைக்கிளைத் தாண்டி, அரிசி மூட்டைக்கு அந்தப் பக்கம் போய், ரொம்பச் சுற்றி அவள் முன்னால் வந்து நின்றேன். வந்த பிறகு வாய் திறக்கவில்லை.

"அக்கா, ஏதாவது பேசுங்க. அசையாதீங்கன்னு சொல்லுங்க. நீங்க சொல்லாட்டி நான் அசைஞ்சிருவேன்ல?" என்று மெர்லின் சிரித்தாள்.

ரவூஃப் சிரிக்கவில்லை. சமோசாத் தட்டோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 17, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு நான் பின்னாலிருந்துதான் போனேன். முன்னால் பள்ளம், எப்படிப் போவது என்று இத்தனை நாளும் எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன். பொய். சுவரை ஒட்டிக் கீழே இலை பறிப்பவர்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. போர்வை பொறுக்கப் போன அன்று அதில்தான் நடந்தேன். அது வேண்டாம் என்றாலும், பக்கவாட்டில் சுவரோரமாகப் போயிருந்தால் என்னை ஓரக்கண்ணால் பார்த்திருப்பார்.

அவர் எழுந்திருக்கப் போகிற மாதிரி இருந்தது. கையைச் சுவரில் ஊன்றினார். விழுந்துவிடுவார் என்று பதறிப்போனேன். "அசையாதீங்க" என்றுதான் சொல்ல வேண்டும். அதைத்தான் பயிற்சியில் நூறு தடவை சொன்னேன். என் வாயில் வந்தது "ஏங்க!"

வீட்டில் இவரைக் கூப்பிடுகிற அதே "ஏங்க". குக்கர் விசில் போட்டால், கேட்டில் ஆள் வந்தால், பல்லி விழுந்தால், முப்பது வருடமாக எல்லாவற்றுக்கும் நான் கத்துவது அதுதான். நம் ஊரில் கல்யாணமான எந்த ஆம்பிளை அதற்குத் திரும்பாமல் இருப்பான்?

அவர் திரும்பினார். முழுசாக, தோளுக்கு மேலே. முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது, தெரிந்த ஆளைப் பார்க்கப்போகிற சந்தோஷம். என்னைப் பார்த்ததும் அது குழம்பியது. பிறகு சுவரில் ஊன்றியிருந்த கை இரண்டும் வழுக்கின மாதிரி விழுந்தன.

ஊன்றின கை அது. அதுவரை வேலை செய்த கை.

நவம்பர் 18, செவ்வாய்

ரவூஃபின் கிளினிக்குக்குப் போய்ச் சொன்னேன். டோக்கன் வாங்கிக்கொண்டு நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்திருந்தேன். முழுவதையும் கேட்டார்.

"சொல்லணும்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்."

"என்னாலதானா? அது மட்டும் சொல்லுங்க."

நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மோதினப்பவே எலும்பு போயிருக்கும். போன எலும்போட நடந்து வந்து உட்கார்ந்திருக்கார். எந்திரிச்சிருந்தாலும் அதே கதிதான் ஆகியிருக்கலாம். ஆகாமலும் இருந்திருக்கலாம். தெரியாது. யாருக்கும் தெரியாது. உங்களுக்கு ஆறுதலுக்காக நான் ஒண்ணு சொன்னா, அது பொய்யாயிரும்."

அதுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது. கூடவே அழுகையும் வந்தது.

போய்ப் பார்க்க வேண்டும் என்றேன். போர்வைகளைக் கொடுக்க என்றும் சேர்த்துக்கொண்டேன். விதியைச் சொல்லித் தடுப்பார் என்று நினைத்தேன். மேஜைமேல் இருந்த பேனாவைக் கொஞ்ச நேரம் உருட்டிவிட்டு, கோவையில் எந்த ஆஸ்பத்திரி, எந்த மாடி என்று சொன்னார். ஆபரேஷன் ஆகிவிட்டது, தோளும் முழங்கையும் வருகிறது, விரல் வரவில்லை, காலும் வரவில்லை என்றார்.

"விசாரிக்கக் கூடாதுன்னீங்களே?"

"நான் எல்லாரையும் விசாரிப்பேன் மேடம். ஒருத்தர் விடாம. விதி உங்களுக்குத்தான்."

நவம்பர் 20, வியாழன்

வெயில்! போர்வைகள் மொத்தமும் ஒரே மத்தியானத்தில் காய்ந்தன. மடித்து வைத்த பிறகு வீடு பெரிதாகி, என்னவோ போல் இருக்கிறது.

இவரிடமும் சொல்லிவிட்டேன். நேருக்கு நேர் உட்கார்ந்து சொன்னேன். "அதான் சுத்தி வந்தியா?" என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காரை அவரே ஓட்டுவதாகச் சொன்னார்.

நவம்பர் 23, ஞாயிறு

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு எழுதுகிறேன். இவர் தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

வழி முழுக்கச் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். "உங்களைப் பின்னாலிருந்து கூப்பிட்டது நான்தான். கூப்பிட்டிருக்கக் கூடாது. என்னை மன்னிக்கணும்." மூன்றே வரி. மலையிறங்கிச் சமவெளி வந்ததும் காது அடைத்தது. பாக்குத்தோப்புகளெல்லாம் கண்ணாடிக்கு வெளியே மெதுவாக மிதந்துகொண்டு போயின. நாங்கள் போய்ச் சேரவே மாட்டோமோ என்று இருந்தது. சேராவிட்டால் நல்லது என்றும் இருந்தது.

அவர் கட்டிலைப் பாதி நிமிர்த்திச் சாய்ந்திருந்தார். கழுத்தில் காலர். சுவர்மேல் திரும்பிய அந்த ஒரு கணத்தைத் தவிர, முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே வாய் இருந்ததால் யாரோ என்று நினைத்துவிட்டேன். எப்படி இருக்கீங்க என்று நான் கேட்டதும், அவர்தான் என்னைக் குரலை வைத்துக் கண்டுபிடித்தார்.

"தலையப் புடிச்ச டாக்டரம்மாங்ளா! வாங், வாங். தலைகீழாப் பாத்த மொகமுங், அதான் சட்டுனு தெரியல."

பக்கத்தில் அவர் மனைவி மயிலாத்தா, ஒல்லியான பெண். ஆரஞ்சு உரித்து ஒவ்வொரு சுளையாக ஊட்டிக்கொண்டிருந்தாள். "வாயத் தொற கண்ணு. இன்னும் ஒண்ணே ஒண்ணு சாமி." அவர் வாயைத் திறந்தார், ஆனால் கூச்சத்தில் என்னைப் பார்க்கவில்லை.

இவர் போர்வை மூட்டையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். சென்னியப்பன் மூட்டையையே பார்த்தார். "தொவச்சிருக்கீங்ளே! அய்யோ, வியாபாரத்துக்கு வெச்ச சரக்குங். தொவச்சா யாரு புதுசும்பா?" என்றார். நான் முழித்தேன். "சும்மா சொன்னனுங். ஒண்ணு எடுத்துக்கங்" என்று சிரித்தார். அவர் சிரிக்கச் சிரிக்க என் மூன்று வரியும் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டே போயின.

அப்போது அவரே சொன்னார்.

"ஒரு சங்கதி சொல்றனுங். நீங்க டாக்டரு, நம்ப மாட்டீங்க. அன்னைக்கு உழுந்து, சுவத்து மேல உக்காந்திருந்தனா, ஒண்ணுமே புரியலீங். இந்தப் பனி எங்கிருந்து வருது, நான் எங்க போறன், ஒண்ணும் தெரியல. அப்ப இவ கூப்புட்டா. இவளேதானுங். சென்னிமலைல இருக்கறவ, அங்க என்ற முதுகுக்குப் பின்னால நின்னு, ஏங்கன்னா. திரும்பினன், யாரப் பாத்தன்னு நெனப்பில்லீங். அந்தப் பனிக்குள்ள அது ஒண்ணுதானுங் தெரிஞ்ச சத்தம். உசுரு திரும்பி வந்தாட்ட இருந்துச்சு."

நான் வாயைத் திறந்தேன். மயிலாத்தா சடாரென்று எழுந்து, தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஜக்கில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது.

அவள் போன திசைக்குத் தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் திருப்பினார். "இதச் சொன்னா எந்திரிச்சுப் போயிர்றாளுங். அதுல இருந்து என்னைய அப்படிக் கூப்புடறதே இல்ல. கண்ணுங்கறா, சாமிங்கறா. பச்சப்புள்ளைக்கு ஊட்டறாப்பல ஊட்டறா. கை போச்சு, கால் போச்சு, சரி. புருசங்கறதும் போயிருச்சாட்ட இருக்குதுங்."

இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் பின்னால் போனேன். வராந்தாக் கோடியில் குழாயடியில் நின்றிருந்தாள். ஜக் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் சுற்றிப் போய் அவள் முன்னால் நின்றேன்.

"ஏம்மா வந்துட்ட?"

குழாயை மூடவில்லை, தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளேயே சொன்னாள்.

"பெரிய டாக்டரு சொன்னாருங், கழுத்தத் திருப்பினதுல நரம்பு நசுங்கியிருக்கலாம்னு. இவரு ஏந் திருப்பினாரு? நாங் கூப்புட்டனாமா. அன்னைக்கு மத்தியானம் நெசமாவே எனக்கு மனசு சரியில்லீங். மானம் மேகம் கட்டி மூடியிருந்துச்சு. ஏங்க, மலையேறாதீங்க, ஏங்க, திரும்பி வாங்கன்னு மனசுக்குள்ள சொல்லீட்டே இருந்தன். அது அங்க வரைக்கும் போயிருச்சுங். என்ற வாயே அவரச் சாச்சிருச்சு. இனி எந்த வாயில அப்படிக் கூப்புடறது? கூப்புட்டா மறுக்காத் திரும்பிருவாரோன்னு இருக்குது."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். என் குற்றத்தை இந்தப் பெண் இத்தனை நாளாகச் சுமந்துகொண்டிருக்கிறாள். நான் மலைமேல் உட்கார்ந்து போர்வை அலசிக்கொண்டிருந்தேன்.

"அது நீ இல்லம்மா. நான். நான்தான் பின்னால நின்னு கூப்பிட்டேன். அசையாதீங்கன்னு சொல்லணும். வாய் தவறி, வீட்டுக்காரரைக் கூப்பிடற மாதிரி வந்துருச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். என் வாயைத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

"நீங்களா?"

"நான்தான்."

"நான் இல்லீங்ளா?"

"நீ இல்ல."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். தோள் மட்டும் குலுங்கியது. நானும் பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்தேன். குழாயை யாரோ வந்து மூடிவிட்டுப் போனார்கள். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல், தெரிந்த ஒன்றைச் செய்தேன். அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் தட்டிவிடவில்லை.

அழுது முடித்து முகத்தைத் துடைத்தாள். "உங்க மேல எனக்குக் கோவந்தானுங். பொய் சொல்ல மாட்டன்" என்றாள். இருக்கட்டும் என்றேன்.

"அவருகிட்டயும் சொல்லிர்றேம்மா. அதுக்குத்தான் வந்தேன்."

மயிலாத்தா எழுந்துவிட்டாள். ஜக்கை இடுப்பில் வைத்துக்கொண்டாள். குரல் வேறாக இருந்தது, ஏதோ ஒன்றை முடிவு செய்துவிட்ட குரல்.

"சொல்லாதீங்க."

"அவருக்குத் தெரியணுமில்ல?"

"என்னத்தத் தெரியணும்? நாங் கூப்புட்டேன்னு நெனச்சுத்தான் அந்தாளு இன்னும் சிரிக்கறாரு. அத எடுத்துட்டு என்னத்தக் குடுப்பீங்க? நான் செய்யல. அது எனக்குத் தெரிஞ்சா போதும். அவருக்கு நாங் கூப்புட்டதாவே இருந்துட்டுப் போகட்டும்."

மனப்பாடம் செய்த மூன்று வரியோடு நான் நின்றேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கி வந்துவிடலாம் என்று கோயில் மலையேறுகிறவளைப் போல வந்திருக்கிறேன். இப்போது அவள் அதைத் திரும்ப என் கையிலேயே கொடுத்துவிட்டாள், நீயே வைத்துக்கொள் என்று. அவருக்கு உண்மை தெரிய வேண்டியது நியாயம். அவள் சொன்னதும் நியாயம். எது சரி என்று இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் முன்னால் நடந்தாள். வார்டு வாசலில் ஒரு கணம் நின்று தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். அவர் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மயிலாத்தா கட்டிலைச் சுற்றிப்போய்க் கால்மாட்டில், அவர் கண்ணுக்கு நேராக நின்றாள். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

"ஏங்க" என்றாள்.

அவர் எங்கும் திரும்ப வேண்டியிருக்கவில்லை. கண்ணை இறக்கி அவளைப் பார்த்தார். அன்றைக்குச் சுவர்மேல் அந்த முகத்தில் பார்த்தேனே, அதே சந்தோஷம். இந்தத் தடவை அது குழம்பவில்லை.

"என்னடி?" என்றார்.

"பாதி ஆரஞ்சு கெடக்குது. திம்பீங்ளா, நான் தின்னுட்டுமா?"